சீமைக் கருவேலத்தைப் பிடுங்கிவிட்டால் பழைய கண்மாய் திரும்பி வருமா?

கேள்வி இதுதான்: "தாத்தா சொல்லும் கண்மாயில் விரால், அயிரை, ஆரல் என்று வகைவகையாக மீன் இருந்ததாம், கரையில் நாட்டுக் கருவேலமும் புங்கனும் நின்றதாம். நான் பார்க்கும் கண்மாயில் முழுக்கச் சீமைக் கருவேலம், இருக்கிற தண்ணீரில் ஜிலேபி மீன், பக்கத்து வயலில் மயிலும் காட்டுப்பன்றியும். இதெல்லாம் எப்போது மாறியது? சீமைக் கருவேலத்தை ஒழித்துவிட்டால் பழையபடி ஆகிவிடுமா?"

ஆகாது. மரத்தை எடுப்பது தேவையான வேலைதான், ஆனால் அது மொத்த வேலையில் கால் பங்குகூட இல்லை. கண்மாய் மராமத்து வேலைகளோடு பல ஆண்டுகள் சுற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன், ஜேசிபி வந்து போன மூன்றாவது மழைக்கு முன்பைவிட அடர்த்தியாக முள் மண்டிக் கிடந்த கண்மாய்களை ஒன்றல்ல, பலவற்றைப் பார்த்திருக்கிறேன். ஏன் அப்படி ஆகிறது என்று புரிய வேண்டுமென்றால் இந்த மரம் எப்படி வந்தது, எப்போது அடங்கியிருந்தது, எப்போது கட்டு மீறியது என்று கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

முதலில் சில புரளிகளை ஓரமாக வைத்துவிடுவோம். சீமைக் கருவேலம் பிராணவாயு வெளியிடாது, காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது, அதன் நிழலில் கட்டிய மாடு மலடாகும் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வருவது எதுவுமே சரியில்லை. பச்சை இலை உள்ள எந்த மரமும் பகலில் பிராணவாயு வெளியிடத்தான் செய்யும். இதைச் சொன்னால் நான் ஏதோ அந்த மரத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சிலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. அது செய்யும் உண்மையான கேடே போதும், பொய்யைச் சேர்த்துச் சொன்னால் உண்மையும் எடுபடாமல் போகிறது. வேர் ஆழமாகப் போய் நிலத்தடி நீரை எடுக்கிறது. உதிர்ந்த இலையிலிருந்து இறங்கும் பொருள்கள் அடியில் மற்ற விதைகள் முளைப்பதைக் கெடுக்கின்றன. கிளைகள் தரையோடு தரையாகப் பின்னிக்கொள்வதால் அடியில் புல் வளராது. வரத்துக்கால்வாயில் நின்றால் மண்ணைத் தேக்கி, கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வழியையே அடைத்துவிடுகிறது. இவை போதாதா?

இன்னொன்று, காமராசர் ஆட்சியில்தான் இந்த மரத்தைக் கொண்டுவந்தார்கள் என்ற பேச்சு. அந்தக் காலகட்டத்தில் விறகுக்காகவும் வேலிக்காகவும் விதை பரவலாகப் போனது உண்மை, ஆனால் மரம் அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே வந்துவிட்டது. 1876-இல் சென்னை மாகாண வன அதிகாரி பெட்டோம், காடு அழிந்து விறகுக்குத் தட்டுப்பாடு வந்திருந்த வறண்ட பகுதிகளுக்காக விதை கேட்டு எழுதினார், ஜமைக்காவிலிருந்து விதை வந்தது, 1877-இல் கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் நட்டார்கள். பெயரிலேயே அந்த வரலாறு இருக்கிறது பாருங்கள், கடல் கடந்து வந்ததற்கெல்லாம் நாம் வைத்த பெயர் சீமை. வடமாவட்டங்களில் இதையே வேலிக்காத்தான் என்கிறார்கள். திட்டுவதற்காக வைத்த பெயரில்லை அது, வேலியைக் காத்ததால் நன்றியோடு வைத்த பெயர்.

அப்படியானால் 1877-இல் வந்த மரம் ஏன் நூறு வருடம் கழித்துத்தான் தலைவலியானது? என்னைக் கேட்டால் இந்தக் கேள்விதான் எல்லாவற்றையும்விட முக்கியம். அந்த நூறு வருடத்தில் பெரும்பகுதி ஊரில் அடுப்பு விறகில் எரிந்தது. முள்ளாக இருந்தாலும் வெட்டித் தூக்கிக்கொண்டு போக ஆள் இருந்தது. கண்மாய்க்குள் வண்டல் எடுக்க மாட்டுவண்டி இறங்கியது, மடை பார்க்க நீர்ப்பாய்ச்சி இருந்தார், வரத்துக்கால்வாயை வருடத்துக்கு ஒரு தடவை ஊரே இறங்கி வெட்டியது. குடிமராமத்து என்று அதற்குப் பெயர் இருந்தது, அது வெள்ளைக்காரன் காலத்திலேயே தேயத் தொடங்கி, கிணற்று மோட்டாரும் ஆழ்துளைக் கிணறும் வந்தபின் மெல்ல நின்றே போனது. அப்புறம் கேஸ் அடுப்பு வந்தது, பிழைப்புக்காகத் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் ஆள் போனார்கள், வானம் பார்த்த பூமியில் பாதி தரிசானது. ஆடு மட்டும் குறையவில்லை. ஆட்டுக்கு இந்த மர இலை பிடிக்காது, காய் என்றால் உயிர். இனிப்பான காயைத் தின்று, கெட்டித்தோல் விதையை வயிற்றில் ஊறவைத்து, புழுக்கையோடு உரமும் சேர்த்துத் தரிசு முழுக்க விதைத்துக்கொண்டே போனது. நல்ல முளைப்பு, போட்டிக்குப் புல் இல்லை, வெட்ட ஆள் இல்லை. மரம் மாறவில்லை, அதைச் சுற்றியிருந்த நம் வாழ்க்கைதான் மாறியது.

கோடியக்கரையில் இதே கதை வேறு மாதிரி நடந்தது. வெளிமானுக்காக 1967-இல் சரணாலயமாக்கிய இடம் அது. வெளிமானுக்குத் திறந்த புல்வெளி வேண்டும், தூரத்தில் வருவதைப் பார்த்து ஓடிப் பிழைக்கிற விலங்கு. அங்கே சீமைக் கருவேலக் காயைத் தின்று பரப்பியதில் காட்டில் திரியும் குதிரைகளுக்குப் பெரிய பங்கு, அவையும் ஒருகாலத்தில் மனிதர் கொண்டுவந்து விட்டவைதான். வெளிமானும் தானே அந்தக் காயைத் தின்று விதையைப் பரப்பியது, தன் புல்வெளியைத் தானே மூடிக்கொண்ட மாதிரி.

சரி, இவ்வளவு கேடென்றால் ஒரேயடியாக வெட்டித் தள்ளிவிடலாமே? 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டு, மாவட்டம் மாவட்டமாக அகற்றும் வேலை வேகமெடுத்தது ஞாபகம் இருக்கும். அதே ஆண்டில் நிபுணர் கருத்து கேட்க வேண்டும் என்று அது நிறுத்தியும் வைக்கப்பட்டது. அந்த இடைவெளியில் நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்களுக்குத் தெரியும், நிலத்தை விட்டுவிட்டு மரத்தை மட்டும் எதிரியாக நினைத்தால் என்ன ஆகும் என்று. பல இடங்களில் தரைமட்டத்துக்கு மேலே வெட்டினார்கள், அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்குப் பத்தாகக் கிளைத்தது. சில இடங்களில் நாட்டுக் கருவேலமும் சேர்ந்தே போனது. ராமநாதபுரம் சித்திரங்குடி மாதிரிச் சரணாலயங்களில் நாரையும் கொக்கும் கூடு கட்டுவது பெரும்பாலும் கண்மாய்க்குள் நிற்கும் இந்த முள்மரங்களில்தான், நாட்டுக் கருவேலமும் சீமைக் கருவேலமும் கலந்து. வேறு மரம் வளர்த்துத் தராமல் இதை எடுத்தால் பறவை எங்கே போகும்? ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களையும் மறக்கக் கூடாது. மழை பொய்த்த வருடத்தில் அவர்கள் வீட்டு உலை கொதித்தது இந்த மரத்தால்தான். அவர்கள் வெட்டுவது மரத்தை அழிக்காது, அடி தழைக்கும், மூன்று நான்கு வருடத்தில் மறுபடி வெட்டலாம் என்பதுதான் அவர்கள் கணக்கு. அகற்றும் திட்டத்தில் அவர்களைக் கூலியாகவாவது சேர்க்காமல் போட்டால் எந்த ஊரிலும் நிலைக்காது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். தாத்தாவின் தாத்தாவிடம் கேட்க முடிந்தால், தென்மாவட்டத் தரிசை அடைத்து நின்ற முள் எது என்பதற்கு அவர் சீமைக் கருவேலம் என்று சொல்லியிருக்க மாட்டார். நாகதாளி என்றிருப்பார். சப்பாத்திக்கள்ளி என்றும் சொல்வோமே, அதுதான்.

அதுவும் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 18-ஆம் நூற்றாண்டில் துணிக்குச் செஞ்சாயம் எடுக்கும் ஒரு பூச்சி, கோச்சினீல் என்று பெயர், இந்தக் கள்ளியில்தான் வளரும். மெக்சிகோவைக் கையில் வைத்திருந்த ஸ்பெயின்காரர்களிடம் அந்த வியாபாரம் இருந்தது, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அதில் கண். சென்னையில் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் இதற்கென்றே ஒரு கள்ளித் தோட்டம் போட்டார். 1795-இல் நெயில்சன் என்ற கப்பல் தலைவர் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சியும் கொண்டுவந்தார். ஆனால் வந்தது வேறு இனம், சாயம் மட்டம். சாயம் தரவில்லையே தவிர, கள்ளியைத் தின்று தீர்த்தது. அதைப் பார்த்து 1836-க்கும் 1838-க்கும் இடையில் தெற்கே கொண்டுவந்து, வேலி தாண்டிப் பரவியிருந்த கள்ளியின் மேல் வேண்டுமென்றே விட்டார்கள். களைச்செடியைப் பூச்சி கொண்டு அடக்கிய வேலையில் உலகத்திலேயே முதல் வெற்றி இதுதான் என்று உயிரியல் கட்டுப்பாடு பற்றிய பாடங்கள் இதிலிருந்துதான் தொடங்குகின்றன. நம் மண்ணில் நடந்தது, நம் பிள்ளைகளுக்குத் தெரியாது.

கதை அத்தோடு முடியவில்லை. அந்தப் பூச்சி தின்றது ஒரு வகைக் கள்ளியை மட்டும். இன்னொரு வகையை, இன்று நாம் நாகதாளி என்று சொல்வதை, அது தொடவில்லை. காலியான இடத்திலும் அதுவே ஏறியது. கடைசியில் 1926-இல் இலங்கையிலிருந்து அதே குடும்பத்தில் வேறொரு பூச்சியைக் கொண்டுவந்தார்கள். ஐந்தாறு வருடத்தில் நாகதாளிக் காடுகள் சரிந்தன. இன்றும் சாலையோரத்தில் ஒரு கள்ளிப்புதரில் வெள்ளைப் பஞ்சு ஒட்டிய மாதிரி இருந்தால் நின்று பாருங்கள், அந்தப் பஞ்சை நசுக்கினால் விரலில் ரத்தச் சிவப்பு ஒட்டும். நூறு வருடமாக யாரும் சம்பளம் கொடுக்காமல் நடந்துகொண்டிருக்கும் வேலை அது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், "பழையபடி" என்று கேட்கும்போது எந்தப் பழசு என்று ஒரு கேள்வி வருகிறது. ஒவ்வொரு தலைமுறையும் தான் சின்ன வயதில் பார்த்ததைத்தான் இயற்கை என்று நினைத்துக்கொள்கிறது. எனக்குச் சின்ன வயதில் உண்ணிப்பழம் பறித்துத் தின்ற நினைவு அவ்வளவு இனிப்பு, அந்த உண்ணிச்செடியே 1809 வாக்கில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச்செடியாக வந்தது என்று படித்தபோது நம்பவே முடியவில்லை. இன்று முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் காட்டின் அடித்தளமே உண்ணிச்செடிதான் என்ற அளவுக்குப் போய்விட்டது. நாட்டில் புலி வாழும் காடுகளில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அது ஊடுருவியிருக்கிறது என்பது ஆய்வுக் கணக்கு. அதன் அடியில் புல் இல்லை, புல் இல்லாவிட்டால் மானும் காட்டெருமையும் யானையும் வேறு இடம் தேடுகின்றன, அந்த வேறு இடம் சில சமயம் உங்கள் வாழைத் தோட்டமாக இருக்கும். பூச்சி விட்டு இதையும் அடக்கலாம் என்று 1940-களிலேயே முயன்றார்கள், எடுபடவில்லை. கள்ளியில் நடந்தது எல்லாவற்றிலும் நடக்கும் என்று நினைக்கக் கூடாது. உண்ணிச்செடி ஒரே இனமாக இல்லை, பல தோட்டக் கலப்புகளின் குழப்பம், பூச்சிக்குப் பிடிபடுவதில்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர். பாபு குழு கார்பெட் காட்டில் ஒரு முறையைச் செய்து காட்டியது: அடிக்கட்டையை மண்ணுக்குள் சில விரற்கடை ஆழத்தில் வெட்டி, தலைகீழாகக் கவிழ்த்து வைப்பது, பிறகு பறவை எச்சமிடும் மரங்களின் அடியில் வரும் கன்றுகளைத் தொடர்ந்து பிடுங்குவது. மெதுவான வேலை, ஆனால் நிலைக்கிறது. கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கலைஞர்கள் உண்ணிக்குச்சியிலேயே ஆளுயரத்துக்கு மேல் யானைகளைச் செய்து லண்டன் வரை காட்சிக்கு அனுப்பியதையும் சொல்ல வேண்டும், கூலியும் கிடைக்கிறது, காடும் கொஞ்சம் மூச்சு விடுகிறது.

மலைக்கு மேலே போனால் வேட்டில் என்ற ஆஸ்திரேலிய மரம், தைலமரம், காற்றில் கற்பூரவாடை. தோல் பதனிடப் பட்டை வேண்டும், ரேயான் ஆலைக்குக் கூழ் வேண்டும் என்று, "தரிசு" என்று கணக்கில் எழுதியிருந்த மலைப் புல்வெளிகளில் நட்டார்கள். அது தரிசே இல்லை. சோலையும் புல்வெளியும் சேர்ந்ததுதான் அந்த மலை, மழைநீரைப் பிடித்து வருடம் முழுக்க ஓடையாக விடுவது அந்தப் புல்லும்தான், வரையாடு மேய்வதும் அதில்தான். பழனி மலையில் 40 ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். அதிலும் ஒரு திருகு உண்டு, கொடைக்கானல் பக்கம் வயதான வேட்டில் தோப்புகளின் நிழலில் சோலை மரக் கன்றுகள் தாமாகவே வருகின்றன. அங்கே வேட்டிலை மொத்தமாக வெட்டினால் அந்தக் கன்றுகளும் போகும், வெயில் பட்டு மண்ணில் கிடக்கும் வேட்டில் விதை எல்லாம் ஒரேயடியாக முளைக்கும். புல்வெளி விளிம்பில் புதிதாக ஏறும் கன்றைப் பிடுங்குவதும், பழைய தோப்பைச் சோலையாக மாற விடுவதும்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. முதுமலை, சத்தியமங்கலம் பக்கம் இப்போது பரவும் மஞ்சள் கொன்றை என்ற அந்நிய மரத்தின் விஷயத்தில் அரசு சுறுசுறுப்பாக இருக்கிறது, அந்த மரத்தைக் காகித ஆலைக்குக் கூழாக அனுப்புகிறார்கள். 2022-இல் தமிழ்நாடு அரசு அந்நியக் களைத் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது, வெட்டுவதோடு நிற்காமல் அந்த இடத்தை மீட்டெடுப்பதையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். எழுதியபடி நடக்க வேண்டும், அவ்வளவுதான் என் கவலை.

மீன் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஜிலேபி என்று நாம் சொல்லும் திலாப்பியா 1952-இல் வந்தது, ஆப்பிரிக்க மீன். வேகமாக வளரும், ஏழைக்குப் புரதம் என்று நல்ல எண்ணத்தில்தான் கொண்டுவந்தார்கள். பெண்மீன் முட்டையை வாய்க்குள் வைத்துக் குஞ்சு பொரிக்கும், அதனால் முட்டையை வேறு மீன் தின்ன முடியாது. வருடத்தில் பல தடவை குஞ்சு, குளம் நிறைந்து நெருக்கடியானால் விரல் நீளத்திலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். கெண்டைக்கும் மற்ற நாட்டு மீன்களுக்கும் இரையும் இடமும் இல்லாமல் போவது அதனால். ஆப்பிரிக்கக் கெளுத்தி இன்னும் மோசம், கிடைத்ததை எல்லாம் தின்னும், வளர்க்கவே தடை, தடையை மீறிக் குட்டைகளில் வளர்க்கிறார்கள், வெள்ளம் வந்தால் குட்டை எது கண்மாய் எது? கொசுவை ஒழிக்க 1928-இல் கொண்டுவந்த கம்பூசியா மீனை இன்றும் "கொசு மீன்" என்று குளங்களில் விடுகிறார்கள். அது கொசுப்புழுவோடு நாட்டு மீன் குஞ்சையும் தவளை முட்டையையும் தின்கிறது. நம் குளத்திலேயே கொசுப்புழு தின்னும் சிறு நாட்டு மீன்கள் உண்டு, அவற்றை விட்டாலே போதும்.

ஆகாயத்தாமரைக்கு ஒரே வரி: அது அமேசானிலிருந்து வந்த செடியாக இருக்கலாம், அதற்குச் சோறு போடுவது நம் சாக்கடை. கழிவுநீர் கலக்காத கண்மாயில் அது அவ்வளவாகப் பெருகுவதில்லை, கலக்கும் இடத்தில் இரண்டு வாரத்துக்குள் இருமடங்காகும். எத்தனை தடவை அள்ளினாலும் சாக்கடையைத் திருப்பாவிட்டால் அள்ளிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

மயிலும் காட்டுப்பன்றியும் அந்நிய உயிர்கள் இல்லை. ஆனால் இந்த மாற்றத்தின் லாபத்தை எடுத்துக்கொண்டவை. மயில் பார்க்க விராலிமலைக்குப் போன காலம் ஒன்று இருந்தது, இன்று கடற்கரை ஊர்களில்கூட வீட்டுக்கூரையில் நிற்கிறது. 2020-இல் வந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கையும் மயில் நாடு முழுக்கக் கூடியிருப்பதைச் சொல்கிறது. பகலில் ஒளிய முள்ளடர்ந்த தரிசு, பக்கத்திலேயே தின்ன நிலக்கடலையும் சோளமும், முட்டையைத் தின்னும் குள்ளநரி அநேகமாக இல்லை. பன்றிக்கும் இதே வசதி. காட்டுக்கு மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றியை வனத்துறையினரே சுடலாம் என்று 2025 தொடக்கத்தில் அரசு அறிவித்தது, விவசாயியின் வலி எனக்குப் புரிகிறது, அதே சமயம் அது பகலில் படுத்திருக்கும் புதரை விட்டுவைத்துக்கொண்டு பன்றியை மட்டும் சுட்டால் அடுத்த கூட்டம் வந்து படுக்கும். மறுபக்கம் பாறுகளை, அதாவது பிணந்தின்னிக் கழுகுகளைப் பாருங்கள். மாட்டுக்கு வலிக்குப் போட்ட டைக்லோஃபினாக் ஊசி, அந்த மாடு செத்த பிறகு அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, 1990-களில் தொடங்கிச் சில ஆண்டுகளில் நாடு முழுக்க வெண்முதுகுப் பாறுகளை நூற்றில் ஒன்றுகூட மிஞ்சாத அளவுக்குக் கொன்றது. 2006-இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். தமிழ்நாட்டில் இப்போது அவை கூடு கட்டுவது மாயாறுப் பள்ளத்தாக்கையொட்டித்தான். அங்கே எந்த அந்நியச் செடியும் காரணமில்லை, ஒரு மருந்துப் புட்டி.

இனிப் பூச்சிகள். 2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. ஒன்றிரண்டு வருடத்தில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாம் வெள்ளை பூத்து நின்றது. பட்டுப்புழு வளர்த்தவர்கள் நிலைமை பரிதாபம், மல்பெரிக்கு மருந்தடித்தால் அந்த இலையைத் தின்னும் புழு செத்துவிடும், அடிக்காவிட்டால் இலையே இல்லை. அடித்தவர்களுக்கும் பலன் இல்லை, அதன் மெழுகு மேலுறையில் மருந்து ஒட்டாது, பொறிவண்டுதான் செத்தது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து எள்ளைவிடச் சிறிய ஒரு குளவியைக் கொண்டுவந்து, வேறு எதையும் தொடாது என்று சோதித்து, அக்டோபரில் வெளியே விட்டார்கள். அந்தக் குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும், உள்ளிருந்தே தின்று வெளியே வரும். சில மாதத்தில் அடங்கியது. நாகதாளிக்கு நடந்ததேதான், எண்பது வருடத்துக்குப் பிறகு. மரவள்ளியைத் தாக்கிய இன்னொரு மாவுப்பூச்சிக்கும் ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து குளவி வரவழைத்து 2022-இல் சேலம் பக்கம் விட்டார்கள். தென்னையில் 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில் தெரிந்த சுருள் வெள்ளை ஈக்கும் ஒட்டுண்ணிக் குளவிதான் கைகொடுத்தது, அங்கேயும் மருந்தடித்த தோப்பில்தான் ஈ அதிகம் நின்றது. ஆனால் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலைப் பகுதியில் 2022-இல் கால்நடைகளின் கண்ணைத் தாக்கிய மஞ்சள் எறும்புக்கு இப்படி ஒரு குளவி கைவசம் இல்லை. அது கடிக்காது, அமிலத்தைப் பீய்ச்சும், அது கண்ணில் பட்டால் பார்வை போகும்.

கடலோரத்திலும் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது, அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. எண்ணூர், பழவேற்காடு கழிமுகத்தில் மீனவர்கள் காக்கா ஆழி என்று சொல்லும் ஒரு கருஞ்சிப்பி. தென்னமெரிக்கப் பக்கத்து உயிர், கப்பல்கள் பாரத்துக்காக ஏற்றி இறக்கும் தண்ணீரோடு வந்திருக்க வேண்டும் என்பதுதான் பொருத்தமான விளக்கம். ஆற்றுப்படுகைச் சேற்றின் மேல் பாய் விரித்த மாதிரி ஒட்டிக்கொள்கிறது. மஞ்சமட்டி என்ற நாட்டுச் சிப்பி சேற்றுக்குள் புதைந்து வாழ்வது, மேலே மூடிவிட்டால் அது மூச்சு முட்டிப் போகும். இறால் புதையவும் இடமில்லை. கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கும் பெண்களின் கையைச் சிப்பி விளிம்பு கிழிக்கிறது. சீமைக் கருவேலத்துக்கு நாம் நூறு வருடம் தாமதமாக விழித்தோம், இதற்கு இன்னும் தாமதமாகவில்லை, இப்போதே படுகையைச் சுத்தம் செய்து, கப்பல் தண்ணீரைக் கண்காணித்தால் கொஞ்சமாவது மிஞ்சும்.

இனி உங்கள் கண்மாய். முதலில் வரத்துக்கால்வாய், அப்புறம் கண்மாய் உள்வாய், கடைசியில் தரிசு என்ற வரிசையில் போங்கள். தண்ணீர் ஆறேழு மாதம் நின்றாலே இளங்கன்று பெரும்பாலும் அழுகிவிடும், ஆகவே தண்ணீர் வர வழி செய்வதுதான் உண்மையான களையெடுப்பு. மரத்தை மேலே வெட்டக் கூடாது, மண் ஈரமாக இருக்கும்போது வேர்க்கட்டையோடு பெயர்க்க வேண்டும், தரைக்குக் கீழே ஓரடி ஆழத்தில் இருக்கும் அந்தக் கழுத்துப் பகுதி போனால்தான் மறுபடி தழைக்காது. விறகையும் கரியையும் விற்ற பணத்தில் ஒரு பகுதியை முதல் நாளே தனியாக எடுத்து வையுங்கள், அடுத்த நான்கு மழைக்குக் கன்று பிடுங்கும் கூலிக்கு. இந்தக் காசை ஒதுக்காமல் தொடங்கிய எந்த ஊரும் ஜெயித்து நான் பார்க்கவில்லை. மழை பெய்து மூன்று வாரம் கழித்துக் கன்று இரண்டு விரல் உயரத்தில் இருக்கும்போது கையால் பிடுங்கிவிடலாம், முள் கெட்டியாகியிருக்காது. அதே ஈரத்தில் கரையில் கொழுக்கட்டைப்புல் விதையும், பனங்கொட்டையும், புங்கன், மருது, நாவல் கன்றும் வையுங்கள், காலியாக விட்ட மண்ணில் பழையதுதான் வரும். ஆடு மேய்ப்பவர்களோடு உட்கார்ந்து பேசி, காய் உதிரும் மாதங்களில் அந்தப் பக்கம் மட்டும் ஆடு விடாமல் இருக்கக் கேளுங்கள், அவர்களுக்கு மாற்று மேய்ச்சல் இடம் காட்டிவிட்டு.

ஜேசிபி வருவதற்கு முந்தின நாள் ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு கண்மாய் முழுக்க நடந்து, விட வேண்டிய மரத்துக்கெல்லாம் சிவப்புத் துணி கட்டுங்கள். நாட்டுக் கருவேலத்தை அடையாளம் காண்பது சுலபம்: பூ மஞ்சள் உருண்டையாக இருக்கும், காய் மணி கோத்த மாலை மாதிரி ஒவ்வொரு விதைக்கும் இடையில் ஒடுங்கியிருக்கும். சீமைக் கருவேலத்துக்குப் பூ விரல் நீளத்துக்குத் தொங்கும் மஞ்சள்பச்சைக் கதிர், காய் நேராக, பழுத்தால் வைக்கோல் நிறத்தில் இருக்கும். கூடு உள்ள மரம் எதுவானாலும், சீமையாகவே இருந்தாலும், குஞ்சு பறக்கும் வரை துணி கட்டி வையுங்கள்.